சிரித்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் மனச்சோர்வைக் கண்டுகொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறார். அவரை யாரும் தவறவிடுவதில்லை. வந்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நாலு வார்த்தை சிரித்துப் பேசி, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறவரைத்தான் தவறவிடுகிறோம்.

சிறு ஊர்களில் மனநலத் தன்னார்வலர்களோடு பல வருஷம் வீடு வீடாகப் போயிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் இடறுவது ஒரே இடத்தில்தான்: முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். முகத்தைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். மூன்று வாரமாகத் தேங்கிக் கிடக்கிற வேலையை அப்படிச் சரிசெய்ய முடியாது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

படிகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். பெரும்பாலான தவறுகள் ஐந்தாம் படியை முதலில் செய்வதால் வருபவை.

## தொடங்கும் முன்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பத்திரிகைகளிலும் டிவியிலும் ‘மன அழுத்தம்’ என்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். மன அழுத்தம் என்பது சுமை: கடன், பரீட்சை, ஆபீஸ் நெருக்கடி. சுமை இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கும். மனச்சோர்வு நோய். கடன் அடைந்த பிறகும், மகள் கல்யாணம் நல்லபடி முடிந்த பிறகும் அது போகாமல் இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள், ‘பிரச்சினைதான் தீர்ந்துபோச்சே, இன்னும் என்ன?’ என்று கேட்டு நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

அடுத்து, போனில் எண்களைச் சேமித்து வையுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416: மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவசரத்துக்கு 108. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். ஒருவர் மனம் திறந்து ‘சரி, டாக்டர்கிட்ட போலாம்’ என்று சொன்ன பிறகு விசாரிக்கத் தொடங்கினால், நாலு நாளில் அந்தச் சம்மதம் போய்விடும்.

உங்களோடு இன்னொருவரும் வேண்டும். சோர்ந்திருப்பவரின் கூடப்பிறந்தவரோ நெருங்கிய சிநேகிதியோ யாராவது. ஒரே ஆள் தனியாகத் தாங்கினால், மாதக் கடைசியில் அவருக்கே தூக்கம் கெட்டுவிடுகிறது.

## 1. பழைய ஆளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு காகிதத்தில், ஆறு மாதத்துக்கு முன்பு அவர் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுவார், காலையில் முதலில் என்ன செய்வார், யாரோடு போனில் பேசுவார், சாப்பாட்டில் எதைக் குறை சொல்வார், எதற்குச் சண்டை போடுவார்.

‘சண்டையா?’ என்று கேட்பார்கள். ஆமாம். எப்போதும் சாம்பாரில் உப்பு குறைவு என்று சத்தம் போடுகிறவர் எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனால், வீட்டில் ‘மனுஷன் திருந்திட்டார்’ என்று நிம்மதிப்படுவார்கள். எனக்கு அது கவலை தரும் செய்தி.

பிறவியிலேயே அதிகம் பேசாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஊரிலேயே கலகலப்பான ஆளோடு ஒப்பிட்டால் எல்லாருமே நோயாளியாகத் தெரிவார்கள். அதனால், அவருடைய இன்றைய நிலையை அவருடைய பழைய நிலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

## 2. இரண்டு வாரம் வேலைகளைக் கவனியுங்கள்

இரண்டு வாரம் என்பது நானாகச் சொல்வது அல்ல. மருத்துவர்கள் மனச்சோர்வு என்று முடிவு செய்யவும், அறிகுறிகள் குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். ஒரு நாள் சிடுசிடுப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நான் கற்றுக்கொண்ட வீடு ஒன்றைச் சொல்கிறேன். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிற ஓர் அக்கா. போனபோது கழுத்தில் அளவு டேப் தொங்கியது. முகமெல்லாம் சிரிப்பு, மகன் படிப்பைப் பற்றிப் பெருமை. கூட வந்த புதுப் பையன், ‘இங்க ஒண்ணும் இல்லண்ணே’ என்று காதில் சொன்னான். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைப்பை. அதில் பதினோரு ரவிக்கைத் துணிகள், ஒவ்வொன்றிலும் குண்டூசியில் குத்திய துண்டுச் சீட்டு: பெயர், அளவு, கொடுக்க வேண்டிய தேதி. மேலே இருந்த சீட்டின் தேதி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘கண்ணு சரியா தெரியல தம்பி, கண்ணாடி மாத்தணும்’ என்றார். மகன் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான். பை அப்படியே இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். சிலருக்கு அது வாசல் கோலம், சிலருக்குக் கடைக் கணக்கு நோட்டு, சிலருக்கு தினமும் தண்ணீர் ஊற்றுகிற ரோஜாத் தொட்டி. வேறு யாரும் சொல்லாமல் தானே விரும்பிச் செய்த வேலை எது என்று பாருங்கள். சோறு வடிப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது போன்ற கட்டாய வேலைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை இழுத்துவிடுவார்கள். ஆசைக்குச் செய்த வேலைதான் முதலில் நிற்கும். அதனால்தான் ‘வேலையெல்லாம் ஒழுங்காத்தானே நடக்குது’ என்ற வீட்டாரின் வார்த்தை நம்மை ஏமாற்றிவிடுகிறது.

துக்க வீட்டில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இழப்பின் துயரம் அலை அலையாக வரும்; நடுவில் போனவரின் ஒரு குறும்பைச் சொல்லிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. கூடவே ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்று தன் மேலேயே வெறுப்பு ஏறியிருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் கூடும்.

## 3. உடம்பு சொல்லும் புகாரைக் கேளுங்கள்

நம் ஊரில் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று யாரும் வந்து சொல்வதில்லை. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, வாயு, கை கால் அசதி, ‘உடம்பெல்லாம் என்னமோ மாதிரி இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் ‘ஒரே யோசனையா இருக்கு’ என்பார்கள். அது நடிப்பு அல்ல. அவர்களுக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும் வலி இருக்கிறது என்றால் மனதையும் பார்க்க வேண்டும்.

தூக்கத்தைத் தனியாகக் கேளுங்கள். ‘நல்லாத் தூங்குறீங்களா?’ என்றால் ‘ஆமா’ என்பார்கள். ‘எத்தனை மணிக்கு முழிப்பு வருது? அப்புறம் விடியிற வரைக்கும் என்ன பண்ணுவீங்க?’ என்று கேளுங்கள். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக விழித்து, இருட்டில் கூரையைப் பார்த்துக் கிடப்பதும், காலையில் மிகக் கனமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் லேசாவதும் மனச்சோர்வில் அடிக்கடி காணப்படுபவை. சாயங்காலம் மட்டும் போய்ப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருமுறையாவது காலை எட்டு மணிக்குப் போங்கள்.

மாத்திரை அட்டையையும் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவரும் பெண்கள் பலரும் முதலில் கவனிப்பது, போன மாத அட்டை பிரிக்காமலே இருப்பதைத்தான். மறதி என்று விட்டுவிடாதீர்கள். தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் அக்கறையே போயிருக்கலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே அசதியையும் ஆர்வமின்மையையும் கொண்டுவரும். எனவே ‘இது மனசுதான்’ என்று நீங்களே முத்திரை குத்தாதீர்கள்.

## 4. ஆளுக்கு ஆள் வேஷம் மாறும்

ஆண்களிடம் இது பல நேரம் கோபமாகவும் குடியாகவும் வரும். குடியால் சோர்வா, சோர்வால் குடியா என்று வீட்டில் விவாதித்துப் பயனில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் சோகத்தைவிட எரிச்சல்தான் வெளியே தெரியும். கதவைச் சாத்திக்கொள்வதும் எடுத்தெறிந்து பேசுவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. கூட்டாளிகளையும் விட்டு விலகினால் கவனியுங்கள். அம்மாவோடு பேசாத பையன் நண்பனோடு மணிக்கணக்கில் பேசினால் பெரும்பாலும் பயமில்லை.

வயதானவர்களிடம் மறதியாகத் தெரியும். எதைக் கேட்டாலும் யோசிக்கக்கூடச் செய்யாமல் ‘தெரியல’ என்பார்கள். ‘வயசாச்சுல்ல’ என்று பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட மறதியில் ஒரு பகுதி, சோர்வுக்குச் சிகிச்சை செய்தால் தெளிந்துவிடும்.

பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூடத் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், ‘நான் நல்ல அம்மா இல்ல’ என்ற பேச்சு வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், பெயர் சூட்டு விழா, எல்லாரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. அவளாகவே குழந்தைக்கோ தனக்கோ ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பேசினால், அல்லது குழப்பமாக, சம்பந்தமில்லாமல் பேசினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## 5. தனியாக, ஒரு கைவேலையோடு கேளுங்கள்

இங்கேதான் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. நாலு பேர் இருக்கும் கூடத்தில் ‘ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லையே’ என்ற பதில்தான் வரும். ஒருமுறை அந்தப் பதிலைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை அதைக் காப்பாற்றியாக வேண்டிய நிலைமை அவருக்கு.

எதிரெதிரே உட்கார வேண்டாம். முருங்கைக்கீரை ஆய்வது, துணி மடிப்பது, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போவது என்று கண்ணைக் கண் பார்க்காத ஒரு வேலை இருக்கட்டும். கைக்கு வேலை இருந்தால் மௌனம் உறுத்தாது.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். நான் அந்த அக்காவோடு உட்கார்ந்து, தைத்து முடித்துக் கிடந்த ஒரே ரவிக்கைக்கு ஹூக் வைக்க நூல் கோத்துக் கொடுத்தேன். ‘பையில நிறைய துணி சேர்ந்துபோச்சேக்கா. நீங்க தேதி தவற மாட்டீங்களே’ என்றேன். வெகுநேரம் ஊசி ஓடியது. ‘மெஷின்ல உக்காந்தா பெடல்ல கால் வைக்கத் தோண மாட்டேங்குது தம்பி’ என்றார். பிறகு மெதுவாக, தூக்கம், சாப்பாடு, கோயிலுக்குப் போகாதது என்று ஒவ்வொன்றாக வந்தது. மனச்சோர்வு என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

பேச்சு தொடங்கிய பிறகு இரண்டு கேள்விகளை நுழைத்துவிடுங்கள். ‘இந்த ரெண்டு வாரமா எதையாவது செய்யணும்னு ஆசையே இல்லாம இருக்கா?’ ‘மனசு வெறிச்சுன்னோ பாரமாவோ இருக்கா?’ மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலின் முதல் இரண்டு கேள்விகள் இவைதான், நம் பேச்சில். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘கிட்டத்தட்ட தினமும்’ என்றால் 3, இடையில் இருந்தால் 1 அல்லது 2. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் காகிதத்தை நீட்டி மார்க் போடாதீர்கள், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது வாயில் வந்துவிடும் சில வார்த்தைகளை அடக்க வேண்டும். ‘உனக்கென்ன குறை?’, ‘நாங்கள்லாம் படாத கஷ்டமா?’, ‘கோயிலுக்குப் போயிட்டு வா’, ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ’. எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் கேட்பவருக்கு, ‘என் தைரியக் குறைவுதான் காரணம்’ என்று ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்ச்சி இன்னும் இறுகுகிறது. ‘எவ்வளவு நாளா இதத் தனியா சுமந்துட்டு இருக்கீங்க’ என்ற ஒரு வாக்கியம் போதும். அதற்கு மேல் பேச வேண்டியது அவர்.

‘யாருகிட்டயும் சொல்லக் கூடாது’ என்று சத்தியம் கேட்டால் செய்யாதீர்கள். ‘உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்’ என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

## 6. சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள்

தன்னார்வலர்கள் மிகவும் பயப்படும் படி இது. ‘கேட்டா நாமளே எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆயிடாதா?’ என்பார்கள். ஆகாது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ‘இத யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு’ என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

‘இவ்வளவு கஷ்டத்துல, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா? சாகலாம்னு நினைச்சிருக்கீங்களா?’ என்று கேளுங்கள். ‘தப்பா எதுவும் யோசிக்கலையே?’ என்று கேட்காதீர்கள். அது ‘இல்ல’ என்ற பதிலை நீங்களே வாயில் போடுவது. ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று மனதில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திட்டம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ ஆபத்து அவ்வளவு பக்கம்.

நேரடியாகச் சொல்லாதவர்களிடம் கவனிக்க வேண்டியவை: ‘இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்’ என்ற பேச்சு, திடீரென்று பொருள்களை எடுத்துக் கொடுப்பது, பழைய ஆட்களை அழைத்து மன்னிப்புக் கேட்பது. மாதக்கணக்கில் வாடியிருந்தவர் காரணமே இல்லாமல் ஒரே நாளில் அமைதியானாலும் நிம்மதிப்பட்டுவிடாதீர்கள். அன்றைக்குத்தான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆபத்து தெரிந்தால் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். அந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் குறுகிய நேரமே இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றுமில்லாவிட்டால் பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். 14416 அல்லது 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்களுக்காகச் சொல்கிறேன்: தற்கொலைக்கு முயல்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் இல்லை.

## 7. கூடவே போங்கள்

‘டாக்டரைப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு வந்தால் பெரும்பாலானவர்கள் போவதில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு சுமார் 85 பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். எழுந்து குளிப்பதே பாரமாக இருப்பவர் இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, தெரியாதவரிடம் மனதைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாளைக் குறியுங்கள், வீட்டுக்கே போய் அழையுங்கள், வரிசையில் நீங்கள் நில்லுங்கள்.

மனநல மருத்துவர் என்றதும் ‘நான் என்ன பைத்தியமா?’ என்று மறுத்தால் வாதாட வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் முதலில் போகலாம். ரத்தப் பரிசோதனை அங்கே ஆகிவிடும். அவரே மேலே அனுப்பினால் கௌரவம் குறையாது.

முதல் படியில் எழுதிய காகிதத்தை எடுத்துப் போங்கள். மருத்துவர் முன்னால் பலரும் பழையபடி சிரித்து ‘நல்லாத்தான் இருக்கேன் சார்’ என்றுவிடுவார்கள். என்ன மாறியது, எப்போதிலிருந்து, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று மூன்று வரி போதும். இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள்: முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்த காலம் இருந்ததா? இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

## 8. முதல் ஆறு வாரம்

மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். வயிற்றுப் புரட்டல் போன்ற பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முன்னால், பலன் பின்னால் என்பதால்தான் பத்தாவது நாளே நிறுத்திவிடுகிறார்கள். இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். ‘அதெல்லாம் தூக்க மாத்திரை, அடிமையாயிடுவ’ என்று சொல்லும் சொந்தக்காரர் கட்டாயம் ஒருவர் வருவார். மனச்சோர்வு மருந்தும் தூக்க மாத்திரையும் ஒன்றல்ல என்று பதில் சொல்லுங்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.

இந்த ஆறு வாரம் உங்கள் வருகை கூட வேண்டும். மனம் தெளிவதற்கு முன்பே சிலருக்கு உடம்பில் தெம்பு திரும்பிவிடும். சாவு எண்ணம் இருந்தவர்களுக்கு அது ஆபத்தான கட்டம். இளம் வயதினரிடம் இன்னும் கவனம். ஆறாம் படியின் கேள்வியை இந்த வாரங்களில் மறுபடியும் கேளுங்கள்.

குணமான பிறகு, முதலில் நின்றுபோன வேலை எது என்று அவரோடு சேர்ந்து எழுதி வையுங்கள். திரும்பி வருவதாக இருந்தால் பல நேரம் அதே வாசல் வழியாகத்தான் வரும். அந்த அக்காவின் மகன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ‘நல்லாருக்கியாம்மா?’ என்று கேட்பதை விட்டுவிட்டான். ‘பையில எத்தனை துணிம்மா இருக்கு?’ என்று கேட்கிறான். அவர் எண்ணிச் சொல்கிறார்.